அணைத்த மணிகள்

பயண நாள் 238 | காலை 08:10

சூரியக் குடும்பத்துப் பொதுமக்கள் அனைவருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: ‘புன்னைக்காயல்’ சரக்குக் கப்பலின் கடைசி மாங்காய் ஊறுகாய்ப் பாட்டில் இன்று காலை 07:42க்குக் காலியானது. அன்னாரின் இறுதிக் கரண்டி என் தட்டில் நல்லடக்கம் செய்யப்பட்டது. எண்ணெய் மட்டும் மிச்சம். மலர்வளையம் வேண்டாம். அப்பளம் போதும்.

இனி அலுவல். இந்த மருத்துவப் பதிவேட்டை எழுத வேண்டியவள் என் அக்கா ஜெசிந்தா கொரேரா. வயது 25. கப்பலின் எஞ்சினியர் அவளே, மருத்துவப் பொறுப்பும் அவளே. இன்று அவளுக்குக் காய்ச்சல், 38.3. ஆகவே எழுதும் வேலை தம்பி டிக்சனுக்கு வந்திருக்கிறது. வயது 17. கப்பலில் அதிகாரப்பூர்வமான பதவி எதுவும் கிடையாது. அதிகாரப்பூர்வமற்ற பதவிகளைக் கேட்டால் அக்கா வரிசையாகச் சொல்வாள், எழுத்தில் போட முடியாது.

மூன்றாவது ஆள் கேப்டன் சூசை கொரேரா. எங்கள் அப்பா. சரக்கு, குறுங்கோளில் வெட்டிய ஒன்பதாயிரம் டன் பனிக்கட்டி. செவ்வாயைச் சுற்றும் நிலையத்துக்குக் கொண்டுபோகிறோம். இன்னும் மூன்று நாள். சுக்கானுக்கு மேலே பனிமய மாதா படம் ஒட்டியிருக்கிறது. இந்தச் சரக்குக்கு வேறு எந்த மாதாவை ஒட்டுவது?

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு குறிப்பு. இந்தக் கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. எந்த எச்சரிக்கை மணி அடித்தாலும், அதை அணைக்கிற ஆள் உள்வழி மைக்கில் கூவ வேண்டும்: இன்ன மணி, நான் அணைத்தேன். கேட்கிறவர் ‘கேட்டேன்’ என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் வரும்வரை கூவ வேண்டும். தூத்துக்குடித் தோணிக்காரர்களின் பழக்கம் என்பார் அப்பா. எட்டு மாதத்தில் நான் உண்மையாகக் கூவியது பாதி, விளையாட்டுக்குக் கூவியது மீதி. இன்று காலை ‘இட்லி வெந்த மணி, நான் அணைத்தேன்’ என்று கூவினேன். உள்வழியில் வந்த பதில்:

“ஏல டிக்சா. இனி ஒருக்கா இப்படிக் கூவுன, ஒன்ன ஏர்லாக்குல காயப் போட்டிருவேன். வேலையா இருந்தா கூவு. இல்லன்னா வாய மூடிக்கிட்டுக் கெட.”

கேப்டனின் ஆணை பதிவு செய்யப்பட்டது.

காய்ச்சலுக்குக் காரணம்: மூன்று நாள் முன்பு, கப்பலின் காற்றைச் சுத்தம் செய்யும் பாசித் தொட்டியைக் கழுவும்போது ஒரு குழாய்க் கவ்வி அக்காவின் இடது கெண்டைக்காலைக் கீறியது. இரண்டு அங்குலக் கீறல். “கீறல்தானே” என்பது அவளுடைய மருத்துவ முடிவு.

பயண நாள் 238 | மாலை 17:30

காய்ச்சல் 39.4. கெண்டைக்கால் சிவந்து, தோல் பளபளத்து, தொட்டால் சுடுகிறது. இரண்டு முறை வாந்தி.

எங்கள் டாக்டர் பூமியில், பாளையங்கோட்டையில் இருக்கிறார். பெயர் சங்கரவடிவு. நாங்கள் போய்ச் சேரவேண்டிய நிலையத்தில் இரண்டு நர்சுகளும், நாலு கட்டில்களும், அலமாரி நிறைய உபகரணமும் உண்டு. டாக்டர் மட்டும் கிடையாது. இங்கிருந்து ஒரு கேள்வி பூமிக்குப் போக 14 நிமிடம். பதில் திரும்ப 14 நிமிடம். ஆக, ‘ஐயோ’ என்றால் ‘என்ன’ என்று கேட்பதற்கு அரைமணி நேரம்.

17:02க்கு வந்த பதில்: “டிக்சன் தம்பி, கிருமிக்கொல்லி மருந்து ரெண்டு ஊசியும் இப்பவே போட்டுருங்க. ராத்திரி முழுக்க ரத்த அழுத்தம் பாருங்க. எவ்வளவு சிறுநீர் போகுதுன்னு அளந்து வையுங்க. அது முக்கியம். கூச்சப்படாதீங்க.”

கூச்சம் எனக்கில்லை, அக்காவுக்குத்தான். மருத்துவ அறையின் ஒலிப்பதிவிலிருந்து: “லேய் மூதி, முப்பத்தொம்பது புள்ளி நாலுன்னு உள்ளத எழுதுனியா, இல்ல நாப்பதுன்னு பில்டப் குடுத்தியா?”

உள்ளதைத்தான் எழுதினேன்.

பயண நாள் 239 | காலை 07:15

ரத்த அழுத்தம் 78க்கு 40. பன்னிரண்டு மணி நேரத்தில் சிறுநீர் 45 மில்லி. காப்பி டம்ளரில் ஊற்றினால் அடிதான் நனையும்.

டாக்டர்: “இது செப்சிஸ். கால்ல இருந்த கிருமி ரத்தத்துல கலந்துட்டு. சிறுநீரகம் ரெண்டும் நின்னுட்டு வருது. ரத்தத்துல விஷமும் உப்பும் ஏறுது. இனி சிறுநீரகத்தோட வேலைய வெளிய இருந்து நாமதான் செய்யணும். ரத்தச் சுத்திகரிப்பு மெஷின மாட்டுங்க. அக்கா பேசுற நிலைமையில இருந்தா அவங்கள வச்சே ஒவ்வொண்ணாக் கேட்டுச் செய்யுங்க.”

இந்த மெஷின் கழுத்து நாளத்திலிருந்து இரத்தத்தைக் குழாய் வழியாக இழுக்கும். ஒரு வடிகட்டிக்குள் ஓட்டிக் கழுவும். கழுவியதைத் திருப்பி உள்ளே விடும். இரவு பகலாக, நிறுத்தாமல். இருப்பு: வடிகட்டி மூன்று, கிருமியின் நஞ்சை உறிஞ்சும் உருளை ஒன்று. நன்றாக ஓடினால் ஒரு வடிகட்டி ஒரு நாள் தாங்கும். உள்ளே இரத்தம் உறைந்தால் அதோடு முடிந்தது. இந்தக் கப்பலில் உறைந்திருக்க உரிமை பெற்றது சரக்கு மட்டுமே.

ஒன்பதாயிரம் டன் தண்ணீரைச் சுமந்து போகிற கப்பலில், ஒருத்தியின் உடம்பால் அரை டம்ளர் தண்ணீரைப் பிரித்து வெளியே விட முடியவில்லை.

பயண நாள் 239 | காலை 09:30

ஓடுகிறது.

கழுத்தில் ஊசிக்குழாய் ஏற்றியது மருத்துவக் கட்டிலில் பொருத்திய இயந்திரக் கை. மற்றதெல்லாம் என் கை. குழாய்கள், பைகள், கவ்விகள், காற்றுக் குமிழி வெளியேற்றுதல் எல்லாம் சேர்த்து 41 நிமிடம். பயிற்சியில் அக்காவின் சாதனை 38. எட்டு மாதமாக என்னை ‘வடிகட்டின முட்டாள்’ என்று கூப்பிட்டவள் அவள். இன்று முட்டாளே வடிகட்டுகிறான். இதைச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே கட்டை விரலைக் காட்டினாள். மேலே அல்ல, கீழே.

பயண நாள் 239 | முற்பகல் 11:50

அழுத்தம் 96க்கு 54. காய்ச்சல் 39.6. பம்ப் சீராகச் சுற்றுகிறது.

ஒரு தொல்லை. இரத்தம் வெளியே ஓடும்போது ஆறிவிடும் என்பதற்காகத் திரும்பும் குழாயைச் சுற்றி ஒரு சூடேற்றி வைத்திருக்கிறார்கள். அதன் தொடுப்பு எங்கோ தளர்ந்திருக்கிறது. நாலு நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கிறது. சரிசெய்ய அப்பாதான் வரவேண்டும். அப்பா முப்பத்தேழு மணி நேரம் கண் விழித்துவிட்டு, இப்போதுதான் சுக்கான் அறைத் தரையிலேயே படுத்திருக்கிறார். அக்காவும் மயக்கமும் விழிப்புமாக இருக்கிறாள். ஒவ்வொரு மணிக்கும் அவள் முகம் சுளிக்கிறது.

சூடேற்றியை நிறுத்தினேன். மணியும் அடங்கியது. காய்ச்சல்காரிக்குக் கொஞ்சம் குளிர்ந்த இரத்தம் போனால் நல்லதுதானே.

கூவவில்லை. கூவினால் அப்பா எழுந்துவிடுவார். வேலையாக இருந்தால்தானே கூவச் சொன்னார்? ஒரு மணியின் வாயை மூடுவது என்ன பெரிய வேலை.

பயண நாள் 239 | மாலை 18:05

வரலாற்றுப் பதிவு! காய்ச்சல் 37.4!

காலையில் டாக்டர் சொல்லியிருந்தார்: மாலைக்குள் காய்ச்சல் 38க்குக் கீழே இறங்காவிட்டால் கெண்டைக்காலைக் கீறிப் பார்க்க வேண்டும், உள்ளே சீழ் கட்டியிருக்கலாம் என்று. இறங்கிவிட்டது. இறக்கியவன் அடியேன். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியாரின் நாற்காலியில் தவளை வைத்ததைத் தவிர உயிரியலோடு எனக்கு வேறு தொடர்பு கிடையாது. இருந்தும் சூரியக் குடும்பத்தின் முதல் பதினேழு வயதுச் சிறுநீரக நிபுணர் நானே என்பதை அடக்கத்துடன் இங்கே பதிகிறேன்.

டாக்டர் பதினான்கு கேள்வி கொண்ட பட்டியல் அனுப்பினார். பம்ப் வேகம் சரியா, குழாய் மடங்கியிருக்கிறதா, இப்படி. பதினான்குக்கும் ஒரே மூச்சில் டிக் போட்டு அனுப்பினேன்.

பதில்: “ரொம்ப சந்தோஷம் தம்பி. நல்லா செய்றீங்க. அப்ப இன்னைக்குக் கால்ல கத்தி வைக்க வேண்டாம். இந்த நிலைமையில ரத்தம் நிக்காம போயிரும், அந்தப் பயம் இருக்கு. நஞ்சு உருளையையும் இப்ப போட வேண்டாம், ஒண்ணுதான இருக்கு. காலையில பாப்போம்.”

அப்பா தூங்கி எழுந்து வந்து திரையைப் பார்த்தார். “பரவால்லல” என்றார். எட்டு மாதத்தில் இது இரண்டாவது. முதலாவது, நான் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தபோது.

பயண நாள் 240 | காலை 07:20

காய்ச்சல் இல்லை. 36.1.

ஆனால் அக்கா நடுங்குகிறாள். பல் அடிக்கும் சத்தம் உள்வழியில் கேட்கிறது. விரல் நகங்கள் நீலம். அழுத்தத்தைத் தூக்கும் மருந்தை இரண்டு மடங்கு ஆக்கியும் 80ஐத் தாண்டவில்லை. காய்ச்சல் போன ஆள் இப்படி இருக்கக் கூடாது என்று எனக்கே தெரிகிறது.

அறைப் பதிவு: “குளுருதுல... சரக்கத் தூக்கி எம்மேல கொட்டிட்டியா?”

06:30க்கு டாக்டருக்கு எல்லா எண்களையும் அனுப்பினேன். 06:59க்குப் பதில்:

“தம்பி, ஒரே ஒரு கேள்வி. சூடேத்தி ஓடுதா? பட்டியல்ல ஒம்பதாவது. நீங்க டிக் போட்டிருக்கீங்க. போய்க் கண்ணால பாத்துட்டுச் சொல்லுங்க.”

பார்க்கப் போகவில்லை. பார்க்காமலே தெரியும்.

பயண நாள் 240 | காலை 08:15

சூடேற்றியைப் போட்டு ஒரு மணி நேரம் ஆகிறது. மணி அடிக்கிறது, அடிக்கட்டும். உடல் வெப்பம் 40.2.

காய்ச்சல் இறங்கவே இல்லை. ஒரு நிமிடத்துக்குக் கால் லிட்டர் வீதம் அவள் இரத்தத்தை வெளியே இழுத்து, ஆறவைத்து, உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். உள்ளே எரிந்துகொண்டிருந்தது. வெளியே நான் வெப்பமானியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது மணி நேரம். நேற்று மாலை கீறியிருக்க வேண்டிய காலைக் கீறாமல் விட்டதற்கு என் 37.4தான் காரணம்.

டாக்டருக்குச் சொல்லிவிட்டேன். பிறகு உள்வழி மைக்கை எடுத்துக் கூவினேன்.

“சூடேற்றி மணி. நேத்து பதினொண்ணு அம்பது. நான் அணைச்சேன்.”

சத்தமில்லை. நான் எண்ணினேன். முப்பத்தொரு நொடி.

“கேட்டேன்.”

அவ்வளவுதான். ஏர்லாக் இல்லை, ‘ஏல’ கூட இல்லை.

பயண நாள் 240 | பிற்பகல் 13:40

இயந்திரக் கை கெண்டைக்காலைக் கீறியது. உள்ளே அரை டம்ளர் சீழ். சுற்றியிருந்த சதை சாம்பல் நிறம். படம் அனுப்பினேன். டாக்டர், “நேத்து சாயந்தரமே...” என்று தொடங்கி, இருமி, அடுத்த மருந்தின் அளவைச் சொன்னார்.

12:05க்கு முதல் வடிகட்டி உறைந்தது. வெள்ளையாக இருந்த இழைகள் கறுத்துப் போயின. உள்ளே மாட்டிக்கொண்ட 180 மில்லி இரத்தத்தைத் திருப்பித் தர முடியவில்லை. அதைக் கழற்றிக் குப்பைப் பையில் போடும்போது சூடாக இருந்தது.

இரண்டாவது வடிகட்டி, கூடவே நஞ்சு உருளை. மாட்டி முடிக்க 34 நிமிடம்.

அறைப் பதிவு, அப்படியே:

“எத்தன நிமிசம்ல?”

“முப்பத்தி நாலு.”

“பொய்.”

“மாதா மேல சத்தியமா.”

“அப்ப... எதையோ மாட்ட மறந்துருக்க. போய்ப் பாரு.”

போய்ப் பார்த்தேன். எதையும் மறக்கவில்லை. இரண்டாம் தடவையும் பார்த்தேன்.

பயண நாள் 241 | காலை 08:30

இரண்டாவது வடிகட்டி பதினாறு மணி நேரம்தான் தாங்கியது. கடைசி வடிகட்டி ஓடுகிறது. சிறுநீர் பூஜ்யம். நிலையத்தில் அறுபது வடிகட்டிகள் இருக்கின்றன. மாலை ஐந்து மணிக்கு நாம் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவேதான்.

11:00 முதல் 17:00 வரை கப்பலின் வேகத்தைக் குறைக்க எஞ்சினை எதிர்த்திசையில் எரிக்க வேண்டும். பனிச் சரக்கு ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டதால் தானோட்டி ஏற்கவில்லை. அப்பா கையால் பிடிக்க வேண்டும். ஆறு மணி நேரம் இருக்கையை விட்டு எழ முடியாது. நடுவில் கை பிசகினால் நிலையத்தைத் தாண்டிப் போய்விடுவோம். திரும்பி வர எரிபொருள் இல்லை. பிறகு எந்த வடிகட்டியாலும் யாருக்கும் பயனில்லை.

10:20க்கு அப்பா மருத்துவ அறைக்கு வந்தார். சூடேற்றியைப் பிரித்து, தளர்ந்த தொடுப்பை இறுக்கி ஒட்டினார். நாலு நிமிட வேலை. அக்காவின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். போகும்போது:

“அரமணிக்கு ஒருக்கா கூவு. காய்ச்சல் எவ்வளவு, நாடி எவ்வளவு. நான் கேட்டேன்னு சொல்லுவேன். என்ன?”

“சரிப்பா.”

மேலே எழுதிய தலைப்பு நேரம் 08:30. இது 10:40க்குச் சேர்த்தது. நேரத்தைச் சரியாக எழுத வேண்டும் என்று அக்கா சொல்வாள்.

பயண நாள் 241 | 11:30

39.1. நாடி 131. கூவினேன். “கேட்டேன்.”

12:00

39.0. நாடி 134. “கேட்டேன்.”

12:30

38.8. நாடி 140. அழுத்தம் 66. மருந்து உச்ச அளவில். “கேட்டேன்.”

இந்தக் காய்ச்சல் நிஜமாகவே இறங்குகிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

12:41க்குக் கண் திறந்தாள். “காலு இருக்கா?” என்றாள். இருக்கிறது என்றேன். “எண்ணிப் பாரு. நீ ஒண்ணத் திருடிருப்ப.” எண்ணினேன், சத்தமாக. ஒன்று, இரண்டு. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் தொட்டு வைத்தேன்.

13:00

38.5. நாடி 96. குறைகிறது. குறையக் கூடாது. “கேட்டேன்.”

13:12

இதயத் துடிப்பு மணி. கோடு தட்டை. அணைத்தேன். கூவவில்லை. அழுத்துகிறேன்

13:30

மார்பை அழுத்திக்கொண்டே முழங்கையால் மைக்கைத் தட்டிக் கூவினேன். 38.4, நாடி 100 என்றேன்.

“கேட்டேன். ஏன்ல மூச்சு வாங்குது?”

“பை மாத்துனேம்பா. கனமா இருந்துச்சு.”

“மெல்ல மாத்து.”

13:42

13:13க்கு அனுப்பியதற்கு டாக்டரின் பதில் வந்தது: “தம்பி, விடாம அழுத்துங்க. ஊசி மருந்து மூணு நிமிஷத்துக்கு ஒண்ணு. ஆனா இந்தக் குரல் உங்களுக்குக் கேக்கும்போதே அரைமணி நேரம் ஆயிருக்கும். இன்னும் துடிப்பு வரலேன்னா... நிறுத்திருங்க. நான் சொல்றேன், நிறுத்திருங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

13:44 வரை அழுத்தினேன்.

ஜெசிந்தா கொரேரா. 25. நேரம் 13:44 என்று எழுத வேண்டும் என்கிறது விதி. 13:12 என்று எனக்குத் தெரியும்.

13:55

இதைக் கண்டெடுப்பவருக்குச் சொல்கிறேன், நான் யோசித்துத்தான் செய்கிறேன்.

அப்பாவின் கையில் ஒன்பதாயிரம் டன் இருக்கிறது. இன்னும் மூன்று மணி நேரம். இப்போது நான் உள்ளதைக் கூவினால் அந்தக் கை என்ன ஆகும்? அப்பா பிழைக்க வேண்டும். கப்பல் நிற்க வேண்டும். ஆகவே கூவப் போகிறேன், எண்களை.

பம்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால், நான் கூவும்போது உள்வழியில் அந்தச் சத்தம் இல்லாதது அவருக்குக் கேட்டுவிடும். குழாயில் இரத்தம் கறுத்துக்கொண்டு வருகிறது. மெஷின் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மணி அடிக்கிறது. அடிக்க அடிக்க அணைக்கிறேன். சூடேற்றி மட்டும் அருமையாக வேலை செய்கிறது. திரையில் 37.0. அது குழாயின் சூடு.

14:00

“முப்பத்தெட்டு. நாடி நூத்திப் பத்து.” “கேட்டேன்.”

14:30

“முப்பத்தேழு புள்ளி அஞ்சு. நாடி நூத்தி நாலு.” “கேட்டேன்.”

என் குரல் நடுங்கவில்லை. பதிவைத் திருப்பிப் போட்டுக் கேட்டேன், துளி நடுக்கமில்லை. எட்டு மாதமாக இந்தக் கப்பலில் நான் செய்த அத்தனை குறும்புகளிலும் அப்பாவிடம் பிடிபட்டிருக்கிறேன். உப்புக்குப் பதில் சோப்புத் தூள் வைத்தது உட்பட. இதில் பிடிபடவில்லை. என் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஏமாற்று வேலை இது, கைதட்டத்தான் ஆளில்லை. இந்தக் கப்பலை இப்போது நிறுத்திக்கொண்டிருப்பது அப்பாவின் கை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது என் பொய்.

15:00

“முப்பத்தேழு. நாடி தொண்ணூத்தெட்டு.” “கேட்டேன். புள்ள முழிச்சிருக்காளா?”

எதிர்பார்க்கவில்லை.

“முழிச்சிருக்கா.”

“ஏதாவது சொல்லுதாளா?”

“நீங்க பிரேக் போடுறது ஷேர் ஆட்டோக்காரன் போடுற மாதிரி இருக்காம்.”

சிரித்தார். எனக்குக் கேட்டது.

15:30

“முப்பத்தேழு. தொண்ணூத்தாறு.” “கேட்டேன். வேற என்ன சொல்லுதா?”

“செவ்வாய்க்கிழம அன்னைக்கே செவ்வாய்க்கு வந்துட்டோம்னு சொல்லுதா.”

“இன்னைக்கு வியாழனுல்லா?”

“அதான்பா காமெடி.”

“ஓ. சரி சரி. நீ சாப்ட்டியா?”

“ம்.”

சாப்பிடவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மெஷினின் சூடு கைவரைக்கும் வருவதில்லை.

16:00

“முப்பத்தேழு. தொண்ணூத்தாறு.” “கேட்டேன். பேசிக்கிட்டே இருல. கூவுறதோட நிறுத்தாத. நீ பேசுனா எனக்குத் தூக்கம் வராது.”

பேசினேன். எது எதுவோ. பாசித் தொட்டி, தவளை, சோப்புத் தூள். ஒரு மணி நேரம் மைக்கை வைக்கவில்லை. அக்கா இப்படிச் சொல்கிறாள், அப்படிச் சொல்கிறாள் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் சிரித்தார்.

17:06

நிலையம். கொக்கி மாட்டிய அதிர்வு தெரிந்தது. எஞ்சின் நின்றது. உள்வழியில் அப்பா:

“டிக்சா. பம்ப நிறுத்துல. நான் வாறேன்.”

பயண நாள் 241 | மாலை 19:20 | நிலையத்தில்

திருத்தம். பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, கீழே எழுதித்தான் திருத்த வேண்டும் என்பது விதி. ஆகவே 14:30 பதிவுக்கு இது திருத்தம்.

அணைத்த மணி ஒவ்வொன்றுக்கும் சுக்கானுக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியுமாம், பெயரோடு. நான் அந்த இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை, எனக்குத் தெரியாது. 13:12க்கு ‘இதயத் துடிப்பு’ எரிந்திருக்கிறது. பிறகு நான் அணைக்க அணைக்க ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு விளக்குகள். அந்த ஏழையும் பார்த்துக்கொண்டே மூன்றே முக்கால் மணி நேரம் கப்பலைப் பிடித்திருக்கிறார்.

விளக்குதான் காட்டுமே, பிறகு எதற்குக் கூவச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன்:

“வெளக்கு மணியத்தான் சொல்லும்ல. ஆளச் சொல்லாது. அன்னைக்குத் தூங்கி எந்திரிச்சப்ப சூடேத்தி வெளக்கு எரிஞ்சுது. நான் பாத்தேன். நீ கூவல. அப்ப ஒங்க அக்காதான் தெரிஞ்சு அணைச்சிருப்பான்னு விட்டுட்டேன். அங்க வந்து திரையப் பாத்தப்பவே ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல.”

அந்த முப்பத்தொரு நொடி அதுதான்.

நான் அவரை ஏமாற்றினேன், அவர் கையைத் தாங்கினேன் என்று எழுதியிருக்கிறேன். இல்லை. அவருக்கு எல்லாம் தெரியும். நான் அந்த அறையில் தனியாக அவளோடு இருக்கிறேன் என்பதும் தெரியும். எழுந்து வர முடியாது. அதனால்தான் கேள்வி கேட்டார், சாப்பிட்டாயா என்றார், பேசிக்கொண்டே இரு என்றார், சிரித்தார். தூக்கம் வராமல் இருக்க அல்ல.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 15:00 முதல் 17:00 வரை அக்கா சொன்னதாக நான் சொன்னவை அனைத்தும் என் சொந்தச் சரக்கு. அவளை அப்படியே பேசிக் காட்டிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அதைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சும்மா சிரிச்சேம்ல” என்றார். “அந்தப் புள்ள இவ்வளவு மொக்கையாப் பேசாது.”

உண்மை. பேச மாட்டாள்.